கோத்தகிரி மலைப்பாதையில் பத்மினிக்கு ஃப்ளோர் கியர்: ஒரு கிட்டைப் பற்றிய மதிப்பீடு

பிரீமியர் பத்மினி காரின் ஸ்டீயரிங் கியரை, அதாவது ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் உள்ள கியர் குச்சியை எடுத்துவிட்டு, தரையிலிருந்து எழும் ஃப்ளோர் கியர் வைக்க விரும்புகிறவர்களுக்கு, கோயம்புத்தூர் உதிரிபாகக் கடைகளில் இரண்டு விதமான கிட்டுகளை (மாற்றுவதற்கான பாகங்களின் தொகுப்பு) காட்டுகிறார்கள். ஒன்றில் கியர் குச்சியின் அடித்தட்டு காரின் தரைத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கப்படுகிறது. மற்றொன்றில் அந்த அடித்தட்டு ஒரு தாங்கியின் வழியாகக் கியர்பாக்ஸின் மீதே உட்காருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதானுங்க, எது கையில இருக்கோ அதை எடுத்துக்கோங்க" என்பார். சமவெளியில் மட்டும் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பேச்சு ஒருவாறு பொருந்தக்கூடும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் வண்டி வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. நான் வாங்கிப் பொருத்தியது கியர்பாக்ஸின் மீது உட்காரும் வகை. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரோ முத்திரையோ கிடையாது. ஏதோ ஒரு லேத் பட்டறையில் சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் பொருள் என்பது அதன் வெல்டிங்கைப் பார்த்தாலே தெரிகிறது.

கிட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர், அது எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை என்பதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பம்பாய் குர்லாவில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டு, பின்னர் சிறிது காலம் பிரீமியர் பிரெசிடென்ட் என்றும், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்றும் அழைக்கப்பட்ட இந்தக் காரில், 1089 சிசி இன்ஜினும், நான்கு கியர் கொண்ட கியர்பாக்ஸும், ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் கியர் குச்சியும் இருந்தன. முன்னால் பெஞ்சு சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதால் தரையைக் காலியாக விட்ட அமைப்பு அது. அதே நிறுவனம் 1985 இல் கொண்டுவந்த 118 என்ஈ காரில் நிசான் இன்ஜினும் அதற்கேற்ற ஃப்ளோர் கியரும் இருந்தன. பத்மினியின் கடைசிக் காலத்து எஸ் 1 மாடலிலும் ஃப்ளோர் கியர் வந்தது. அவற்றை ஓட்டிப் பார்த்தவர்கள், இந்தக் கிட்டைப் பொருத்தினால் தங்கள் வண்டியும் அப்படி ஆகிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆகாது. கியர்பாக்ஸ் பழையதேதான். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கி, கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத பெட்டி அது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க வேண்டுமானால், நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துத்தான் இறக்க வேண்டும். குச்சி எங்கே இருந்தாலும் இந்த வித்தை தேவைப்படும். மாறுவது நம் கைக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இணைப்பு மட்டுமே.

அந்த இணைப்புதான் இத்தனை ஆண்டு ஓடிய வண்டிகளில் முதலில் கெட்டுப்போகிறது. ஸ்டீயரிங் தண்டையொட்டி இறங்கும் கம்பி, அதன் அடியில் உள்ள நெம்புகோல் கைகள், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடுகள், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் (உராய்வைத் தாங்கும் வளையம்) என்று நீளும் சங்கிலியில், ஒவ்வொரு புஷ்ஷும் நூலளவு தேய்ந்தால் போதும். கையில் அது ஒரு சாண் ஆட்டமாக வந்து நிற்கும். இரண்டாவது கியர் விழுந்ததா, நான்காவது விழுந்ததா என்று கிளட்சை விட்ட பிறகே தெரியவரும். சமவெளியில் அது வெறும் எரிச்சல். கட்டபெட்டு ஏற்றத்தில் பின்னால் பஸ் முட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு விஷயம். மலைச்சாரலில் மூட்டுகளின் கிரீஸ் கழுவிப்போய்த் துருவேறுவது இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது என்பது என் அனுமானம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகவே பெய்வதால், வண்டியின் அடிப்பாகம் வறண்டு கிடக்கும் மாதங்கள் இங்கே குறைவு.

கிட்டில் இருந்தவை இவை: கியர்பாக்ஸின் பின்பகுதியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் உட்காரும் கனமான இரும்புத் தாங்கி, அதன் மேல் குமிழ்க் கிண்ணத்தில் ஆடும் கியர் குச்சி, இரு முனையிலும் மரை வெட்டி பால் ஜாயிண்ட் (எப்பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) மாட்டிய இரண்டு ராடுகள், தாங்கிக்கான நீளமான போல்ட்டுகள், குச்சியின் அடியைச் சுற்றி மூடும் உறையான ஒரு ரப்பர் பூட், கையில் பிடிக்கும் குமிழ். ராடு ஏன் இரண்டு என்றால், கியர் மாற்றுவது இரண்டு அசைவுகளால் ஆனது. எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுப்பது குச்சியின் பக்கவாட்டு அசைவு. அந்த ஜோடியில் ஒன்றைக் கொளுவுவது முன்பின் அசைவு. இரண்டையும் தனித்தனியே பெட்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு ராடு சற்று நீளம் தவறினாலும் மற்றது எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

தாங்கியின் தகடு தடிமனானது. துளைகள் நேராக இருந்தன. கியர்பாக்ஸில் வைத்தபோது ராவி அகலப்படுத்தத் தேவைப்படவில்லை. இந்த விலையில் கிடைக்கும் பொருளில் இதை எதிர்பார்க்க முடியாது என்பதால் முதலில் பாராட்டிவிடுகிறேன். குமிழ்க் கிண்ணமும் சுத்தமாகக் கடைந்தெடுக்கப்பட்டிருந்தது. குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே சீரான இறுக்கம். ராடு முனைகளின் மரை மட்டும் அவசரமாக வெட்டப்பட்டது. நட்டை விரலால் ஏற்ற முடியாமல் டை (மரை வெட்டும் கருவி) போட்டுச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது.

இனி, தாங்கி எங்கே உட்காருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில் இந்த மதிப்பீட்டின் முக்கால் பங்கு அதுதான். காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. உடல் தகட்டோடு அவை ஒட்டியிருப்பதில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற்றத்தில் இழுக்கும்போது மொத்த அமைப்பும் ஒரு பக்கம் முறுகிச் சாய்கிறது. காலை எடுத்து, கியரில் வைத்தபடியே இறக்கத்தில் விடும்போது எதிர்ப்பக்கம் சாய்கிறது. பிரேக் போட்டால் முன்னால் தள்ளுகிறது. மவுண்ட் ரப்பர் பழையதாக இருந்தால் இந்த ஆட்டம் கண்ணால் பார்க்கும் அளவுக்கு இருக்கும். குச்சியின் அடித்தட்டு தரையில் இறுக்கப்பட்டிருந்தால், குச்சி அசையாமல் நிற்க, கியர்பாக்ஸ் மட்டும் நகர்கிறது. நடுவே உள்ள குட்டையான, வளைந்து கொடுக்காத ராடு, யாரும் தொடாமலேயே கியர் கையைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு போதுமானதாக இருந்தால் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஸ்டீயரிங் கியரின் குச்சியும் உடலில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதன் நீண்ட கம்பிகளும் பல மூட்டுகளும் ரப்பரும் அந்த ஆட்டத்தை ஏற்று விழுங்குமாறு அமைக்கப்பட்டவை. குட்டை ராடு வைத்த ஃப்ளோர் கிட்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

சமவெளியில் கியர் கழன்றால் மறுபடி போட்டுக்கொண்டு போகலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்து, பெடல் வெறுமனே உள்ளே போகும். இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும் கியர்தான் அந்த இறக்கத்தில் முதல் பிரேக். அது சரியாக அந்த நேரத்தில், அதாவது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியர்பாக்ஸ் எதிர்ப்பக்கம் சாயும் நேரத்தில் கழன்றுவிடக்கூடிய ஓர் அமைப்பை மலையில் வைத்திருப்பதைவிட, ஆட்டமுள்ள பழைய ஸ்டீயரிங் கியரையே வைத்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸின் மீதே உட்காரும் தாங்கியில் குச்சியும் ராடும் பெட்டியும் ஒரே உடலாக ஆடுவதால் இந்த இழுப்புக்கே இடமில்லை. அதற்குக் கொடுக்கும் விலை, இன்ஜினின் அதிர்வு குச்சியில் வந்து தெரிவது. ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) குமிழ் நடுங்குகிறது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பொருத்தும் வேலையைக் குன்னூரில் பழைய ஃபியட், அம்பாசிடர் வண்டிகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு சிறு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். கிட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மெக்கானிக் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, கம்பியால் கியர்பாக்ஸை நெம்பிப் பார்த்தார். "குச்சி புதுசா வெச்சா கியரு நல்லா விழும்னு நெனச்சிட்டு வராங்க சார். மவுண்டு போயிருந்தா எந்தக் குச்சி வெச்சும் பிரயோஜனம் இல்லீங்க" என்றார். பின் மவுண்டின் ரப்பர் விளிம்பு கிழிந்து தொங்கியதைக் காட்டினார். கிட்டோடு அது வருவதில்லை. தனியே வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைகளின் பிடிப்பையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் அது புதுக் குச்சியிலும் அப்படியே வந்து சேரும்.

சிரமமான வேலை என்று பார்த்தால் தரைத் தகட்டில் துளை வெட்டுவதுதான். தாங்கியைப் பெட்டியில் பொருத்தி, குச்சி எங்கே எழும்புகிறது என்று அடியிலிருந்து குறித்துக்கொண்டு, அதன் பிறகே மேலிருந்து வெட்ட வேண்டும். குச்சி ஐந்து நிலைகளிலும் சாயும் இடத்துக்கும் மேலாக, கியர்பாக்ஸ் ஆடும் இடத்தையும் சேர்த்து விட வேண்டும் என்பதால் துளை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே வரும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். இங்குள்ள ஈரத்தில் இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த மழைக்குள் விளிம்பிலிருந்து துரு கிளம்பிவிடும். சைலன்சர் குழாய்க்கும் ராடுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்பதையும், வண்டியைத் தூக்கிய நிலையில் மட்டும் பார்க்காமல், சக்கரம் தரையில் நிற்கும்போதும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ராடுகளின் நீளத்தைச் சரிசெய்வதில்தான் ஒர்க்‌ஷாப்பின் தரம் தெரிகிறது. பெட்டியை நியூட்ரலில் வைத்து, குச்சியை நடுவில் நிறுத்தி, பால் ஜாயிண்டை மரையில் ஏற்றி இறக்கி, ராடு இழுப்போ தள்ளலோ இல்லாமல் தானாகத் துளையில் உட்காரும் நீளத்தில் லாக் நட்டை இறுக்க வேண்டும். அதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கியரையும் போட்டு, அது முழுமையாக உட்கார்ந்த பிறகும் குச்சிக்கு இன்னும் சற்று நகர இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குச்சி துளையின் விளிம்பிலோ, சீட்டின் ஓரத்திலோ முதலில் முட்டிக்கொண்டால் கியர் பாதிதான் கொளுவியிருக்கும். நிற்கும்போது தெரியாது, இழுக்கும்போது கழன்றுவிடும். என் வண்டியில் முன்னால் பெஞ்சு சீட் என்பதால், இரண்டிலும் நான்கிலும் குச்சி சீட்டின் மெத்தையைத் தொட்டது. மெக்கானிக் குச்சியைக் கழற்றிச் சூடேற்றி முன்பக்கம் வளைத்துக் கொடுத்தார். பக்கெட் சீட் உள்ளவர்களுக்கு இந்த வேலை இருக்காது. பெஞ்சு சீட்காரர்கள் முன்னால் நடுவில் ஆள் உட்காரும் வசதியை இழந்துவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அதற்கு எதிர்ப்பு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஓட்டத்தில் கிட்டின் மதிப்பு உடனே தெரிகிறது. கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில், இரண்டாவது கியர் ஒரே இடத்தில், ஒரே அளவு கை அசைவில், ஒவ்வொரு தடவையும் விழுகிறது. வளைவுக்குள் நுழைவதற்கு முன் கை தேடி அலைவதில்லை. காலை எடுத்துவிட்டு இன்ஜின் பிடிப்பில் நீளமாக இறங்கும்போது குச்சி அசையாமல் நிற்கிறது. வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தேன், கழலவில்லை. ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது ஸ்டீயரிங் கியரைவிடத் தெளிவாக விரைந்து நடப்பதால், வண்டியின் வேகம் முழுதாகச் செத்துப்போவதற்குள் இன்ஜின் மறுபடி பிடித்துக்கொள்கிறது. சிறிய இன்ஜினுக்கு மலையில் இது பெரிய உதவி. குன்னூர் பாதையில் பர்லியார் தாண்டிய பிறகு வரும் வளைவுகளில், எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று கிளம்ப வேண்டிய நேரங்களிலும் முதல் கியர் தயங்காமல் விழுந்தது. டிசம்பர் காலைகளில் மட்டும் முதல் சில கிலோமீட்டருக்குக் குச்சி கனக்கிறது. அது கிட்டின் குறையன்று. பெட்டிக்குள் 90 நம்பர் ஆயில் குளிரில் தேன்போல் கெட்டியாகி நிற்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது.

குறைகளும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது ரப்பர் பூட். மெல்லிய, மலிவான ரப்பர். மடிப்புகளில் சீக்கிரமே வெடிப்பு விட்டது. அதன் வழியாக மழை நாளில் கீழிருந்து நீர்த்துளியும், வெயில் நாளில் கியர்பாக்ஸின் சூடும், எல்லா நாளும் சத்தமும் உள்ளே வருகின்றன. லாரிக் கியருக்குப் போடும் தடித்த பூட்டை வாங்கி வெட்டிப் பொருத்திய பின்பே அது அடங்கியது. அடுத்தது ரிவர்ஸ் கியரைத் தடுக்கும் ஸ்பிரிங். குச்சியை அழுத்தித்தான் ரிவர்ஸுக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு சரிதான். ஆனால் ஸ்பிரிங் பலவீனமாக இருப்பதால், அவசரத்தில் முதல் கியரைத் தேடும் கை ரிவர்ஸ் பக்கம் சறுக்க இடமிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது இந்தச் சந்தேகம் மனதில் இருக்கவே கூடாது. லேத்தில் சொல்லி கனமான ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாம். தயாரிப்பாளரே செய்திருக்க வேண்டிய வேலை அது. கிட்டோடு வரும் குமிழ் பளபளப்பான கனத்த உலோகம். நீண்ட குச்சியின் உச்சியில் அவ்வளவு எடை இருந்தால், குண்டுகுழிகளில் அந்த எடையே ஆடி, கியரை வெளியே இழுக்கப் பார்க்கும். இலேசான பிளாஸ்டிக் குமிழுக்கு மாற்றிவிட்டேன். ராடுகளின் முலாம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. எப்படிப் பொருத்துவது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிட்டின் பெட்டியில் கிடையாது.

பழைய வண்டியை அப்படியே வைத்திருக்க விரும்புகிறவர்கள் சட்டத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. 2021 இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்துகொள்ளலாம். ஆனால் அது மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. தரைத் தகட்டில் வெட்டிய துளையை ஆய்வாளர் எப்படிப் பார்ப்பார் என்பது அவர் கையில் இருக்கிறது. ஆகவே டிலைட், பிரெசிடென்ட் வைத்திருப்பவர்களும், எழுபதுகளின் பத்மினி வைத்திருப்பவர்களும் அந்தப் பதிவை நாடும் எண்ணம் இருந்தால் வெட்டுவதற்கு முன் யோசிக்கட்டும். அவர்களுக்கு என் பரிந்துரை, ஸ்டீயரிங் கியரின் எல்லா புஷ்களையும் ஒரே தடவையில் மாற்றி, மவுண்டையும் புதிதாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. செலவு குறைவு, ஆட்டத்தின் பெரும்பகுதி போய்விடும். என் வண்டியிலிருந்து கழற்றிய கம்பி, கைகள், குச்சி யாவற்றையும் கிரீஸ் தடவிக் கட்டி வைத்திருக்கிறேன். நாளை விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றையே.

அன்றாடம் மலையில் ஓடும் எண்பதுகள், தொண்ணூறுகளின் பத்மினிக்கு இந்தக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். கடையில் தரைத் தகட்டு வகையைத் தள்ளிவிட்டுக் கியர்பாக்ஸ் தாங்கியோடு வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூட், ஸ்பிரிங், குமிழ் மூன்றையும் பொருத்தும் அன்றே மாற்றிவிடுங்கள். கிட்டின் விலையைவிடப் பொருத்தும் கூலி அதிகமாகும், அது நியாயமானதே. முதல் தடவை மேட்டுப்பாளையம் போய்த் திரும்பியதும் ராடுகளின் லாக் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். என் வண்டியில் ஒன்று கால் சுற்று இளகியிருந்தது. நைலான் உள்ள நட்டுகளாக மாற்றிய பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.